வால் அலசும் வண்டி: டிரிஃப்ட் கற்றுக்கொள்ள அசெட்டோ கோர்சா எப்படி?

பதினெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது என் வாயிலிருந்து வருவது, "ஸ்டீயரிங்கை விடாதீங்க, விடாதீங்க." அப்படிப்பட்டவன் போன தீபாவளியிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை விடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் ஒரு மாணவன். காலேஜ் பையன். லைசென்ஸ் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால், "அண்ணா, ஒரே ஒருவாட்டி டிரிஃப்ட் அடிச்சுக் காட்டுங்கண்ணா" என்றான். வண்டியின் வாலை வேண்டுமென்றே சறுக்க விட்டு, பக்கவாட்டிலேயே ஓட்டுவதுதான் டிரிஃப்ட். ஸ்கூல் வண்டி ஆல்டோ. "தம்பி, இது முன்வீல் இழுக்கிற வண்டி. ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சா வால் ஒரு தடவை வீசும், அவ்வளவுதான். அதைப் பிடிச்சு வைக்கப் பின்வீல்ல பவர் வேணும்" என்று சொல்லித் தப்பித்தேன். "சரிண்ணா, பின்வீல்ல பவர் இருந்தா எப்படிப் பிடிச்சு வைக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய ஆம்னியில், பின்னால் ஆள் இல்லாமல், மழைக்கு வால் அலசி வண்டி அரைவட்டம் அடித்து நின்றதுதான் எனக்குத் தெரிந்த டிரிஃப்ட். அதை நான் செய்யவில்லை, வண்டி செய்தது.

விஷயத்தைக் கேட்ட என் மகள், ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையின் சலுகையில் அசெட்டோ கோர்சா என்ற கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கிக் கொடுத்தாள். இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி செய்தது. முழுப் பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. இவ்வளவு பழைய விளையாட்டுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். அதே நிறுவனம் அடுத்து வெளியிட்ட காம்பெடிட்சியோனே ஜிடி பந்தயத்துக்கானது, டிரிஃப்டுக்கு ஆகாது. அதற்கும் அடுத்த அசெட்டோ கோர்சா இவோ 2025 ஜனவரியில் அரைகுறைப் பதிப்பாக வரத் தொடங்கியது. டிரிஃப்ட் பழகுகிறவர்கள் கூட்டமாக இருப்பது இன்றைக்கும் இந்தப் பழையதில்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் என்ற முறையில் எனக்குப் பெரிய ஏமாற்றம், இதில் பாடமே இல்லை. வண்டியில் ஏற்றி உட்கார வைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஆள் போய்விடுகிறது. டிரிஃப்ட் என்று ஒரு ஆட்ட முறை உண்டு. சறுக்கும் கோணத்துக்கும் வேகத்துக்கும் புள்ளி போடும். பூஜ்யம் வந்தால் ஏன் பூஜ்யம் என்று சொல்லாது. ஆனால் பொய்யும் சொல்லாது. வண்டி சுற்றிக்கொண்டால் அது நான் செய்த தப்பால்தான் என்பது பத்தாவது தடவையில் புரிந்துவிடுகிறது. பிரவுசிங் சென்டர் காலத்தில் நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் ஆடியவர்களுக்கு அதிலும் டிரிஃப்ட் பந்தயம் இருந்தது ஞாபகம் வரும். அது சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் போவது போல. ஜாலிதான், ஆனால் அதில் கற்றது எதுவும் இங்கே உதவாது.

ஓட்டுவதற்கு முன் செட்டிங்ஸில் மூன்று வேலை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று ஒரு சதவீதக் கணக்கு இருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள். அது கொஞ்சம் இருந்தாலும் வால் வீசும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். வீல் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். ஆட்டோமேட்டிக் கியரையும் ஆட்டோமேட்டிக் கிளட்ச்சையும் அணையுங்கள். அப்புறம் வண்டி: பி.எம்.டபிள்யூ எம்3 இ30 டிரிஃப்ட். விளையாட்டிலேயே டிரிஃப்டுக்கென்று தயார் செய்து வைத்த வண்டி இது. எம்3 இ92 டிரிஃப்டும் இருக்கிறது. அதன் வி8 இன்ஜினுக்குக் காலைச் சும்மா வைத்தாலே வால் வெளியே போய்விடும். புதிதாகக் கற்கிறவர்கள் அதன் பக்கமே போகாதீர்கள். இ30 எம்3 இடப்பக்கம் ஸ்டீயரிங் வைத்து மட்டுமே வந்த வண்டி, அதனால் திரையில் தெரிகிற ஓட்டுநர் வலது கையால் கியர் போடுவார். எனக்கு ஒரு வாரம் தலை சுற்றியது. நல்லவேளை, பழகும் நாள் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஓடிவிடுகிறது.

முதல் பாடம் வட்டம். 'டிரிஃப்ட்' என்றே பெயர் வைத்த ஒரு தடம் இருக்கிறது. அதில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் ரேஸ் கொடுத்துக் கிளட்ச்சைப் படக்கென்று விட வேண்டும். பின்வீல் புகையும், வால் சுற்ற ஆரம்பிக்கும். இந்த இடத்தில் என் கை பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தது. வண்டி தன்னைத்தானே சுற்றி நின்றது. மறுபடியும் அதே. ஒரு ராத்திரி முழுக்க அதே.

மறுநாள் வெறுத்துப்போய், வால் வீசியதும் கையைத் தளர்த்திவிட்டேன். கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்டீயரிங்குக்குள் மோட்டார் உண்டு, வண்டியின் இழுவையை அது கைக்குக் கொடுக்கும். ஸ்டீயரிங் தானாகச் சுழன்று எதிர்ப்பக்கம் ஓடியது. கட்டைவிரலை உள்ளே விட்டிருந்தேன். ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி வந்து சுரீரென்று அடித்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாத லாரி ஓட்டிய பெரியவர்கள், கட்டைவிரலை வளையத்துக்கு வெளியே வை என்று ஏன் அடித்துச் சொன்னார்கள் என்பது அந்த அடியில் விளங்கியது. ஆனால் திரையில் நான் பார்த்தது வேறு: வண்டி சுற்றி நிற்கவில்லை. மூக்கு வட்டத்தின் உள்ளே பார்க்க, முன்வீல்கள் வண்டி போகும் திசையைப் பார்க்க, வட்டம் தொடர்ந்தது. ஒரு மூணு செகண்ட் இருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

காரணம் கேஸ்டர் கோணம். முன்வீல் திரும்பும் அச்சு கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், வண்டி எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தப் பக்கமே சக்கரம் திரும்பப் பார்க்கும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம் தள்ளுகிற பக்கம் தானே திரும்பிக்கொள்கிற மாதிரி. எதிர் ஸ்டீயரிங்கை நாம் ஒடிக்க வேண்டியதில்லை, சக்கரமே ஒடித்துக்கொள்ளும். அது ஓடிப் போய்ச் சேர்கிற இடத்தில் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் நம் வேலை. சீக்கிரம் பிடித்தால் சுற்றிக்கொள்ளும். தாமதமாகப் பிடித்தால் வால் எதிர்ப்பக்கம் வீசும். இந்த இழுவையைக் கையில் உணர வைப்பதில் அசெட்டோ கோர்சா செய்திருக்கும் வேலைக்கு மட்டுமே நான் கொடுத்த காசு செல்லும்.

கைக்கு அடுத்து கால். சறுக்கலைப் பிடித்து வைப்பது ஸ்டீயரிங் இல்லை, ஆக்ஸிலரேட்டர். மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தால், பிரேக் இல்லாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை முன்னேயும் போகவிடாமல் பின்னேயும் உருளவிடாமல் நிறுத்தி வைப்போமே, அந்தக் கால் வேண்டும். கொஞ்சம் கூட்டினால் பின்வீல் இன்னும் சுழன்று வால் அகலும். கொஞ்சம் குறைத்தால் கோணம் குறுகும். பயந்து காலை முழுசாக எடுத்தால்தான் ஆபத்து: பின்டயருக்குச் சட்டென்று கிரிப் திரும்பக் கிடைக்கும், முன்வீலோ இன்னும் எதிர்ப்பக்கம் ஒடிந்தபடி இருக்கும், வண்டி சவுக்கு மாதிரி மறுபக்கம் வீசிச் சுவரில் போய் மோதும். நான் மோதிய சுவர்களில் பாதி இந்தப் பயத்தால் மோதியவை. ஆபத்து என்றால் காலை எடு என்பது எங்கள் ஸ்கூலின் முதல் பாடம். அந்தப் பாடமே இங்கே எதிரி.

வட்டம் பிடிபட்ட பிறகு வளைவு. சறுக்கலைத் தொடங்கி வைக்கப் பல வழி உண்டு. சுலபமானது ஹேண்ட் பிரேக்: வளைவுக்குள் ஒடித்து, கிளட்ச்சை மிதித்து, ஒரு நொடி இழுத்துவிட்டு, கிளட்ச்சை விட்டு ரேஸ். என்னிடம் தனி ஹேண்ட் பிரேக் கிடையாது, ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனுக்கு வைத்திருக்கிறேன். பட்டன் என்பதால் முழுசாகப் பிடிக்கும் அல்லது பிடிக்காது. நடுவில் எதுவும் இல்லை. ஒரு தட்டு தட்டிவிட்டு விடுவதோடு சரி.

கிளட்ச் கிக் என்பதைச் செய்யும்போது மட்டும் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. ரேஸைக் குறைக்காமலே கிளட்ச்சை ஒரு உதை உதைத்து விட வேண்டும். ஆர்.பி.எம். ஏறி, விட்டதும் அந்த வேகம் மொத்தமும் பின்வீலில் இறங்கிக் கிரிப் அறும். "கிளட்ச் மேலேயே காலை வைக்காதீங்க, பிளேட் போயிடும்" என்று கத்தியே தொண்டை போனவன் நான். இங்கே பிளேட் மாற்ற மெக்கானிக் பில் நீட்ட மாட்டான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். வளைவின் நடுவில் சறுக்கல் சாகப் போகிறது என்று தெரிந்தால், அதை உயிர்ப்பிக்கவும் இதே உதைதான்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, எடையை வைத்து விளையாடுவது. இடது வளைவு வருகிறது என்றால் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்து, வண்டி சாய்ந்ததும் காலை லேசாக எடுத்து, உடனே இடப்பக்கம் ஒடிப்பது. காலை எடுத்ததும் எடை முன்னால் வரும், வால் லேசாகும். ஒரு பக்கம் சாய்ந்த வண்டி மறுபக்கம் திரும்பும்போது ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டு போகும். வட ஐரோப்பிய ரேலி ஓட்டுநர்கள் பனியிலும் சரளையிலும் பழகிய வித்தை என்பதால் ஸ்காண்டிநேவியன் ஃபிளிக் என்று பெயர். பவர் குறைந்த வண்டிக்கு இதுதான் வழி. விளையாட்டோடு கூடுதலாகச் சேர்க்கும் ஜப்பான் வண்டிகள் தொகுப்பில் டொயோட்டா ஏஇ86 வருகிறது; 1.6 லிட்டர் இன்ஜின், ஒரு டன் கூடத் தேறாத எடை. ஜப்பான் பந்தய ஓட்டுநர் கூனிமிட்சு தகஹாஷி 1970களில் பந்தயத் தடத்தில் காட்டிய சறுக்கலைப் பார்த்து, கெய்ச்சி சுச்சியா மலைப்பாதைகளில் பழகிப் பிரபலமாக்கியது இந்த வண்டியில்தான். அதில் உட்கார்ந்து வெறும் ரேஸை மட்டும் கொடுத்தால் வால் அசையாது. எடையைத் தூக்கிப் போடத் தெரிய வேண்டும். சுச்சியாவை ஏன் டிரிஃப்ட் ராஜா என்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டு கொடுக்க முடியாத ஒன்று உண்டு. நிஜ வண்டியில் வால் அலசுவது முதலில் தெரிவது இடுப்பில். கண் பார்ப்பதற்கு முன் சீட் சொல்லிவிடும். நாற்காலி எதுவும் சொல்லாது. அதற்குப் பதில் காதை வைக்கலாம். டயர் கிறீச்சிடும் சத்தம் மாறுவதை வைத்துக் கிரிப் போகப் போவதைக் கண்டுபிடிக்க நான் பழகிக்கொண்டேன். ஸ்பீக்கரை விட ஹெட்போன் நல்லது. அடுத்த சிக்கல் கண். சறுக்கும்போது போக வேண்டிய இடம் பக்கத்து ஜன்னல் வழியாகத் தெரிய வேண்டும், ஒற்றைத் திரையிலோ பானெட் எதிரே இருக்கும் சுவர்தான் தெரிகிறது. சுவரைப் பார்த்தால் சுவருக்கே போவோம். கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற சேர்க்கையின் அடிப்படைப் பதிப்பு இலவசம். அதில் நெக் எஃப்எக்ஸ் என்ற வசதி தலையை வளைவுப் பக்கம் திருப்பிக் காட்டும். அதைப் போட்ட அன்றே என் சறுக்கலின் நீளம் இரண்டு மடங்கானது. அசல் விளையாட்டில் மழையும் இல்லை, ராத்திரியும் இல்லை. டிரிஃப்டுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எதில் ஓட்டுவது? கீபோர்டை மறந்துவிடுங்கள். கேம்பேடில் முடியும், ஆனால் ஸ்டீயரிங் வேகம், காமா, ஃபில்டர் என்று செட்டிங்ஸை மணிக்கணக்கில் நோண்ட வேண்டும். கையில் இழுவை தெரியாது, அதிர்வுதான் தெரியும். நான் 900 டிகிரி சுற்றும் ஸ்டீயரிங்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் 'புதுசு மாதிரி' என்றார். பிரேக் பெடல் நின்று மிதித்தால்தான் இறங்குகிறது. டிரிஃப்டில் பிரேக்குக்கு அவ்வளவாக வேலை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன். ஸ்டீயரிங்கும் மூன்று பெடலும் வாங்க வசதி இல்லை என்றால், டிரிஃப்டுக்காக மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அந்தக் காலேஜ் பையன் லைசென்ஸ் வாங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். உட்கார வைத்தேன். வால் வீசியதும் அவன் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தான், சுற்றி நின்றான். "விடுடா, விடுடா" என்றேன். "நீங்கதானேண்ணா விடாதேன்னு சொன்னீங்க" என்றான். மகள் சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது.

இப்போது நான் எட்டுப் போடும் இடத்தில் நிற்கிறேன். ஆர்.டி.ஓ. மைதானத்தில் போடுகிற அதே எட்டு, ஆனால் பக்கவாட்டில் சறுக்கியபடி. ஒரு வட்டத்திலிருந்து மறு வட்டத்துக்கு மாறும்போது காலை ஒரு கணம் தளர்த்தி, ஸ்டீயரிங்கை முழுசாக விட்டு, அது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும்போது பொறுமையாகக் காத்திருந்து, சரியான இடத்தில் பிடித்து, மறுபடியும் ரேஸ் கொடுக்க வேண்டும். வலமிருந்து இடத்துக்கு மாறுவது பத்துக்கு ஏழு தடவை வருகிறது. இடமிருந்து வலத்துக்கு இன்னும் வரவில்லை.