வகுத்தல் இயற்கணிதத்தைப் பிரிக்க மூன்று வழிகள்: எதை எப்போது எடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைகள் செமினார் நேரத்தில் கேட்கிற கேள்வி இது: ஒரு வகுத்தல் இயற்கணிதத்தை (பூச்சியம் அல்லாத எதாலும் வகுக்கலாம், ஆனால் பெருக்கும் வரிசை மாறினால் விடை மாறலாம்) சிறியவற்றின் டென்சர் பெருக்கமாக, அதாவது ஒன்றின் உறுப்பும் மற்றதன் உறுப்பும் எந்த வரிசையிலும் ஒரே விடை தரும்படி சேர்த்துக் கட்டியதாக, பிரிக்க எந்த வழி நல்லது? என் பதில், முதலில் "சமம்" என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள் என்பதுதான்.

இங்கே பேசுவது ஒரு புலத்தையே மையமாகக் கொண்ட, முடிவுள்ள பரிமாணம் உடைய இயற்கணிதங்களைப் பற்றி. பரிமாணம் எப்போதும் முழு வர்க்கம். அதன் வர்க்கமூலம் படி. குவாட்டர்னியன் என்றால் பரிமாணம் 4, படி 2. புலத்தில் 1+1 பூச்சியமாகக் கூடாது என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, படியைப் பகா எண் அடுக்குகளாக உடைப்பது. படி 12 என்றால் படி 4 ஒன்று, படி 3 ஒன்று. எந்தப் புலத்திலும் நடக்கும், துண்டுகளும் ஒரே விதமாகத்தான் வரும். செட்டிநாட்டு வளவு வீட்டில் புள்ளிக்குப் புள்ளி, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம், வேறு வைத்த மாதிரி: இரு துண்டுகளின் உறுப்புகளை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே; வரிசை மாறினால் விடை மாறுவது அந்தந்தத் துண்டுக்குள் மட்டும். ஆனால் படி 8 வந்தால் இந்த வழி அதைத் தொடாது.

அங்கேதான் இரண்டாவது வழி: அப்படியே குவாட்டர்னியன்களாகப் பிரிப்பது. இதற்கு இயற்கணிதத்தின் அடுக்கு 2 ஆக இருக்க வேண்டும். அடுக்கு என்பது, ஓர் இயற்கணிதத்தின் எத்தனை பிரதிகளை டென்சர் பெருக்கினால் முதன்முதலாக அணி இயற்கணிதம் (புலத்தின் மேல் உள்ள n×n அணிகள் எல்லாம்) ஆகும் என்ற எண்; 2 என்றால் தன்னோடு தானே ஒருமுறை பெருக்கினாலே போதும். படி 4, அடுக்கு 2 என்றால் இரண்டு குவாட்டர்னியன்களாகப் பிரியும் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் ஆல்பர்ட் நிறுவினார். தலைகீழாகக் கேட்டால் இன்னும் சுவாரசியம். எந்த இரண்டு குவாட்டர்னியன்களைப் பெருக்கினாலும் வகுத்தல் இயற்கணிதம் வருமா? வராது. முதலாவதில் அ, இரண்டாவதில் ஆ என்று வர்க்கம் −1 ஆகும் உறுப்புகள் இருந்தால், டென்சர் பெருக்கத்தில் அ, ஆ இரண்டையும் எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே. அப்போது (அ − ஆ)(அ + ஆ) = அ² − ஆ² = 0. இரண்டு காரணிகளும் பூச்சியம் இல்லை, பெருக்கம் பூச்சியம், வகுத்தல் போச்சு. இருவருக்கும் பொதுவான இருபடிப் புலம் இருந்தாலே இதே கதி.

விகிதமுறு எண்களின் மேல் எந்த இரண்டு குவாட்டர்னியன்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்துவிடும். அங்கே படியும் அடுக்கும் சமம் என்பது 1932-இல் வந்த பிரௌவர், ஹாஸே, நோய்த்தர் தேற்றத்தோடு சேர்ந்தது. ஆகவே அந்தப் புலத்தில் படி 4 வகுத்தல் இயற்கணிதத்துக்கு இந்த வழியை முயலவே வேண்டாம். நான்கு மாறிகளின் விகிதமுறு சார்புப் புலத்துக்குப் போனால் இரண்டு குவாட்டர்னியன்களின் பெருக்கம் வகுத்தலாகவே நிற்கும் உதாரணம் கிடைக்கும்.

படி 8-இல் இந்த வழி உடைகிறது. அடுக்கு 2 இருந்தும் குவாட்டர்னியன்களாகப் பிரியாத ஒன்றை 1979-இல் அமிட்சூர், ரோவன், தின்யோல் காட்டினார்கள்.

மூன்றாவது, மெர்குர்யேவ் 1981-இல் திறந்த வழி. பிரௌவர் குலத்தில் பார்த்தால், அதாவது ஒன்றின் மேல் அணிகளை எடுத்தாலும் அதையே "சமம்" என்று கொண்டால், அடுக்கு 2 உள்ள எதுவும் குவாட்டர்னியன்களின் பெருக்கத்துக்குச் சமானம். விலை, அணிகள். படி 8 உள்ள அந்தப் பிரியாத இயற்கணிதத்தின் மேல் 2×2 அணிகளை எடுத்தால் நான்கு குவாட்டர்னியன்களின் பெருக்கம் வந்துவிடும்: 4 × 64 = 256 = 4⁴, பரிமாணம் சரியாகப் பொருந்துகிறது.

எனக்கு அழகானது மூன்றாவதுதான், நிறுவல் கனமானது. செமினாருக்கு இரண்டாவதை எடுங்கள். இரண்டு குவாட்டர்னியன்களை வைத்து எழுதும் ஆல்பர்ட்டின் ஆறு மாறி இருபடி வடிவத்தைப் பூச்சியமாக்கும், எல்லாம் பூச்சியம் அல்லாத தீர்வு இல்லையென்றால் பெருக்கம் வகுத்தல் இயற்கணிதம், இருந்தால் இல்லை. கரும்பலகையில் கையாலேயே சோதித்துக் காட்டலாம்.