ஆயில் லைட் மினுக்கும் புது எஞ்சின்: கெட்டி ஆயிலா, புது பம்பா, சம்ப்பைக் கழற்றுவதா?

எஞ்சின் வேலை முடிந்து வண்டி வெளியே வந்த சில நாளில், ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்க ஆரம்பித்தால் என்ன செய்வது? கும்பகோணத்தில் கேட்டாலும் மன்னார்குடியில் கேட்டாலும் பட்டறைகளில் வரும் யோசனைகள் ஏறக்குறைய ஒன்றுதான். கெட்டி ஆயில் ஊற்று, ஆயில் பம்பை மாற்று, சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு) கழற்றிப் பார். இவற்றோடு ஓர் ஆறுதலும் இலவசமாகக் கிடைக்கும்: "புது எஞ்சின்ண்ணே, இறுக்கமா இருக்கு. ஓட ஓட செட்டாயிடும்."

அந்த ஆறுதலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். புது பேரிங் போட்ட எஞ்சினில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவாக இருப்பது வேலை முடிந்த அன்றைக்குத்தான். ஓட ஓட அது கூடும், பிரஷர் குறையும். இறுக்கமான எஞ்சின் என்றால் பிரஷர் கேஜின் முள் உயரத்தில் நிற்க வேண்டும். முதல் நாளே கீழே கிடக்கும் முள் தானாக ஏறாது.

அம்பாசடர், மாருதி 800 இரண்டையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. இன்றும் ஓடுகிறவற்றில் ஒரு தடவையாவது எஞ்சின் பிரிக்காத வண்டி அபூர்வம். மற்ற வண்டிகளுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

எதற்கும் முன்னால் ஒரு கேஜ்

லைட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. லைட்டை எரியவைக்கும் பிரஷர் ஸ்விட்ச் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அளவில்தான் வேலை செய்யும். லைட் அணைந்திருக்கிறது என்றால் அந்தச் சொற்ப அளவைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எரிந்தால் ஸ்விட்சே பழுதாக இருக்கலாம், ஒயர் பாடியில் உரசிக்கொண்டும் இருக்கலாம். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் 100 பவுண்டு வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பவுண்டு என்பது பழைய பட்டறைக் கணக்கு. அந்த எஞ்சினின் மேனுவல் கிடைத்தால் அதில் உள்ளதுதான் இறுதி.

கேஜ் மாட்டியதும் வண்டியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சித்திரை வெயிலில் தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையில் வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தால் ஆயில் நன்றாகவே சூடாகிவிடும். பார்க்க வேண்டியது முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நகர்கிறது என்பதை. காலையில் நன்றாக ஏறி, சூடானதும் ஐடிலிங்கில் சரிந்தால் பேரிங் பக்கம் சந்தேகம் போக வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே கீழே கிடந்தால் பம்ப், ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு), அல்லது மாட்ட மறந்த ஆயில் கேலரி பிளக் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளையின் மூடி). ஐடிலிங்கில் பரவாயில்லை, ரேஸ் கொடுத்தால் முள் ஏறாமல் இறங்கினால், அல்லது துடித்தால், பம்ப் காற்றை இழுக்கிறது, இல்லை சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடை அடைத்திருக்கிறது. ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோலோ டீசலோ கலந்த ஆயில் எவ்வளவு நல்ல எஞ்சினிலும் பிரஷரைக் கொடுக்காது.

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பிரஷர் வருவது அந்த ஆயில் போகிற வழியில் இருக்கும் தடையால். கல்லணையில் எவ்வளவு திறந்தாலும் நடுவில் வாய்க்கால் கரை உடைந்திருந்தால் தலைஞாயிற்றுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. எஞ்சினுக்கும் கடைமடை உண்டு, பம்பிலிருந்து கடைசியாக இருக்கும் பேரிங்கும், தலையில் வால்வுகளைத் திறக்கும் கைகளைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட்டும்.

கெட்டி ஆயில்: முள்ளை ஏற்றும், நோயைச் சொல்லாது

முதல் யோசனையாக இது வருவதற்குக் காரணம் இருக்கிறது. சம்ப் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு, 15டபிள்யூ40 இருந்த இடத்தில் 20டபிள்யூ50 ஊற்றினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முள்ளும் கொஞ்சம் ஏறும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய எஞ்சினுக்கு, நம் ஊர் வெயிலில், இது நியாயமான வைத்தியம் என்றே சொல்வேன். அதை இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிட்டுப் பிரிக்கலாம்.

புதிதாக வேலை பார்த்த எஞ்சின் கதை வேறு. 100 டிகிரி சூட்டில் 40 கிரேடு ஆயிலின் (15டபிள்யூ40இல் கடைசியில் வரும் 40) பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஆக, கெட்டி ஆயிலால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தடை. பேரிங் இடைவெளியோ தன்னையே மூன்று தடவை பெருக்கிய கணக்கில் ஆளும். இடைவெளி கால் பங்கு கூடினாலே ஆயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கசியும், இடைவெளி இரட்டித்தால் எட்டு மடங்கு. கிராங்க் கிரைண்டிங்கில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்துபோன ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) 50 கிரேடு ஆயில் ஈடுகட்டும் என்று நினைப்பது கணக்குக்கே ஒத்துவராது. முள் ஐந்து பவுண்டு ஏறும், லைட் அணையும், உரிமையாளர் நிம்மதியாகத் தூங்குவார். பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் போடுவதும் இதே குடும்பம்தான், இதைவிட மோசம். அந்த வால்வு பிரஷர் உச்சத்துக்குப் போனால்தான் திறக்கும். ஐடிலிங்கில் அது மூடியேதான் இருக்கிறது. மூடிய கதவை இன்னும் அழுத்திச் சாத்தி என்ன பயன்? ஆனால் வால்வைக் கழற்றிப் பார்ப்பது வீண் இல்லை. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் அது பிளாக்கின் வெளிப்பக்கம் டோம் நட்டுக்குள் இருக்கிறது, சம்ப்பைத் தொடவே வேண்டாம். போரிங் தூளில் ஒரு துகள் சிக்கி பிளஞ்சர் பாதி திறந்தபடி நின்றிருந்தால், அங்கேயே பிரச்சினை முடிந்துவிடும்.

புது பம்ப்: பாதி வழி

பம்ப் மாற்றச் சொல்கிறவர் கெட்டி ஆயில்காரரைவிட ஒரு படி மேல். பழைய பம்பை அளக்காமல் அப்படியே திரும்ப மாட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. கியர் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் அந்தப் பம்ப் களைத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லலாம். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பம்ப் மேல் சந்தேகம் வருவதும் சரிதான்.

எனக்கு இதில் உள்ள குறை ஒன்றே. அம்பாசடரில் பம்ப் சம்ப்புக்குள்ளேதான் இருக்கிறது. மாருதி 800இல் அது கிராங்கின் முன்முனையில், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால். அதற்கும் சம்ப் இறங்கியாக வேண்டும். எப்படியும் சம்ப் கீழே வரப்போகிறது. தலைக்கு மேலே பேரிங் கேப் தெரியும்போது அதில் ஒன்றைத் திறந்து பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றி மூடுவதை என்னவென்று சொல்வது?

சம்ப்பைக் கழற்றுவது

எரிச்சலான வேலைதான். ஆனால் எஞ்சினே வாயைத் திறந்து சொல்வது இங்கேதான். சம்ப் இறங்கியதும் முதலில் சல்லடையைப் பாருங்கள். திருவாரூர் பக்கம் நண்பர் ஒருவரின் மாருதியில் பம்ப், பேரிங் எல்லாம் புதிது, ஆனால் ரேஸ் கொடுத்தால் பிரஷர் விழுந்தது. சல்லடை வலையில் சாம்பல் நிறத்தில் புழு மாதிரி நாலைந்து துண்டுகள். சம்ப் கேஸ்கட்டில் தாராளமாகத் தடவிய சிலிகான் பசை உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து வந்து ஒட்டியிருந்தது. சல்லடைக் குழாயின் ஓ-ரிங் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

அடுத்து பிளாஸ்டிகேஜ். நூல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் இழை. ஒரு பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பேரிங்) கேப்பைத் திறந்து, ஆயிலைத் துடைத்து, ஜர்னலின் நீளவாக்கில் ஒரு துண்டை வைத்து, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கித் திரும்பக் கழற்ற வேண்டும். நடுவில் கிராங்கைச் சுற்றக்கூடாது. நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். அகலமாக நசுங்கினால் இறுக்கம், ஒல்லியாகவே இருந்தால் இடைவெளி அதிகம். கார் எஞ்சின்களில் பெரும்பாலும் 0.03 முதல் 0.06 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 0.10 வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கை வண்டியில் வைத்தே அளக்கும்போது கிராங்கின் எடை கேப் மேல் உட்கார்ந்து அளவைப் பொய்யாக்கும். கிராங்கை மேலே முட்டுக்கொடுத்து அளக்க வேண்டும். அதனால் பிக் எண்டில் ஆரம்பிப்பதே நல்லது.

பிளாஸ்டிகேஜ் கிடைக்கவில்லையா? டெல்டாவில் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும் சாமான் ஒன்று உதவும். காற்றடித்து வைத்துப் பீய்ச்சும் கைத்தெளிப்பான். பூச்சிமருந்து அடித்த பழைய டப்பாவை எடுத்துவிடாதீர்கள், புதிது வாங்குங்கள். அதில் ஆயில் ஊற்றி, முனையைக் கழற்றிவிட்டு, குழாயை பிரஷர் ஸ்விட்ச் துளையில் இணைத்துக் காற்றடிக்க வேண்டும். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பேரிங்கிலிருந்தும் ஆயில் சொட்டும். சொட்டினால் சரி. ஓரிடத்தில் மட்டும் ஒழுக்காகக் கொட்டினால் அதுதான் உடைந்த கரை. கிராங்கைக் கொஞ்சம் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும், ஆயில் துளைகள் நேருக்கு நேர் வரும் நிலையில் நல்ல பேரிங்கும் கொட்டும். டைமிங் கவர் பக்கமிருந்தோ பின்பக்கமிருந்தோ ஆறாக ஓடினால், பிளாக்கைக் கழுவக் கழற்றிய கேலரி பிளக்கைத் திரும்ப மாட்டவில்லை என்று அர்த்தம். பம்பை எத்தனை தடவை மாற்றினாலும் இது தெரியவே தெரியாது.

ஆக, எது?

பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில், தாராளமாக. புதிதாக வேலை பார்த்ததற்கு கேஜ், ரிலீஃப் வால்வு, அப்புறம் நேராக சம்ப். பம்பை சம்ப்புக்குள் அளந்து பார்த்து, மோசமாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். இதற்கு நடுவில் லைட் மினுக்கிக்கொண்டே திருச்சி வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

பட்டறைகளில் யாரும் பேசாத இன்னொரு காரணமும் சம்ப் பக்கம் சாய்கிறது. போரிங் ஒரு இடம், கிராங்க் கிரைண்டிங் இன்னொரு இடம், மாட்டியவர் மூன்றாவது ஆள் என்பதுதான் இங்கே வழக்கம். பிரஷர் இல்லை என்று போய் நின்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கெட்டி ஆயில் ஊற்றிவிட்டோ பம்ப் மாற்றிவிட்டோ போனால் பேச வழியே இல்லை. "ரெண்டாவது ஜர்னல்ல 0.10 வருதுண்ணே, பேரிங் சைஸ் இருபது" (ஆயிரத்தில் இருபது அங்குலம் குறைத்த ஜர்னலுக்கான பேரிங்) என்று நசுங்கிய இழையை உறையோடு கொண்டுபோய் லேத்காரர் முன்னால் வையுங்கள். அவரே மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வருவார்.