பிசியா, கன்சோலா: டிஸ்க் விற்ற கணக்கை வைத்துச் சொல்கிறேன்

தஞ்சாவூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, எண்பதாயிரம் சேத்துட்டேன். பிசி போடவா, பிஎஸ்5 வாங்கவா?" ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பேச்சு ஒன்றரை மணி நேரம் போனது. அவன் மெஷின் விலையைக் கேட்டுக்கொண்டே இருந்தான், நான் கேம் விலையைப் பேசிக்கொண்டே இருந்தேன். மெஷினுக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும். கேமுக்கு வருஷம் பூராவும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது செலவை யாரும் எழுதி வைத்துப் பார்ப்பதில்லை. நான் எழுதி வைத்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிசியில் படிக்கலாம், வேலை பார்க்கலாம், வீடியோ எடிட் செய்யலாம், கேமுக்கு மாட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போடலாம். ஆன்லைனில் விளையாடத் தனியாகச் சந்தா கிடையாது. சோனியின் பிஎஸ்5 மாதிரி கேமுக்கென்றே செய்த கன்சோலை டிவியில் மாட்டி, சோபாவில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் போதும். டிரைவர் அப்டேட், செட்டிங்ஸ் என்று எதையும் நோண்ட வேண்டாம். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

நான் முதலில் பிசிக்காரன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வொரு பாகமாக விலை பேசி வாங்கி, திருச்சிக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன். 2021-இல் என் கிராஃபிக்ஸ் கார்டு போனது. உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்ய கார்டுகளை அள்ளிக்கொண்டு போன சமயம். நான் வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு கொடுத்தால்தான் அதே மாதிரி கார்டு கிடைக்கும் என்றார்கள். பிஎஸ்5-உம் அப்போது லேசில் கிடைக்காது. 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவில் வந்ததிலிருந்து, முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கடைசியில் 2022 ஏப்ரலில் டிஸ்க் டிரைவ் உள்ளதை 49,990 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த வருஷம் முடிவதற்குள் அதன் விலை 54,990 ஆகிவிட்டது.

"கன்சோல் கேமெல்லாம் யானை விலை, ஸ்டீமில் பாதிக்குக் கிடைக்கும்" என்று அன்று நண்பர்கள் எல்லோரும் எச்சரித்தார்கள். ஸ்டீம் என்பது பிசி கேம்களை டவுன்லோடாக விற்கும் ஆன்லைன் கடை. நானும் அதை நம்பினேன். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. ஸ்டீம் 2015 நவம்பரில் ரூபாய்க்கு மாறியபோது நம் ஊர் வருமானத்தை ஒட்டிய விலை பல கேம்களுக்கு இருந்தது. சோனி தன் கன்சோல் கேமை பிசிக்குக் கொண்டுவர ஆரம்பித்தபோது ஹொரைசன் ஸீரோ டான் 2020-இல் 1,099 ரூபாய்க்கு வந்தது. 2022 ஜனவரியில் காட் ஆஃப் வார் வந்தபோது 3,299. அதே வருஷம் ஆகஸ்டில் ஸ்பைடர்-மேன் 3,999. அக்டோபரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே ஒவ்வொரு நாட்டுக்குமான பரிந்துரை விலையைத் திருத்தியது. அதற்குப் பிறகு நிறைய கேம்கள் இங்கே ஏறின. புதிதாக வரும் பெரிய கேம் பிசியில் சல்லிசு என்ற காலம் அதோடு போய்விட்டது.

இனி பிசியில் மிச்சம் பிடிக்க ஒரே வழி காத்திருப்பது. ஜூன் கடைசி சம்மர் சேல், டிசம்பர் விண்டர் சேல். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் விலை ஸ்டீமில் 3,199 ஆக இருந்தது. 67 சதவீதம் குறைத்துப் போட்டபோது 1,055-க்கு விழுந்தது. அருமையான விலை, ஆனால் அந்த விலை வரும்போது கேம் பழையதாகி, நண்பர்கள் பேசி முடித்து, முடிவு என்ன என்பது யூடியூப் தலைப்பிலேயே தெரிந்துபோயிருக்கும்.

இப்போது டிஸ்க் கணக்குக்கு வருகிறேன். என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

காட் ஆஃப் வார் ராக்னராக் 2022 நவம்பர் 9-ஆம் தேதி வந்தது. பிஎஸ்5 பதிப்பின் விலை 4,999. கடையில் டிஸ்க்கை 4,500-க்குக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் ஆற அமர விளையாடி முடித்தேன். டிசம்பர் நடுவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு கல்லூரிப் பையன் 3,400 கொடுத்து வாங்கிப் போனான். ஆக, அந்தக் கேமுக்கு என் கையிலிருந்து போனது 1,100 ரூபாய். அதே கேம் பிசிக்கு 22 மாதம் கழித்து, 2024 செப்டம்பரில் வந்தது. விலை 3,999. அது தள்ளுபடியில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்க இன்னும் எத்தனை சேல் காத்திருக்க வேண்டுமோ! அவ்வளவு பொறுமையாக இருப்பவர் கடைசியில் கொடுக்கப்போகும் தொகையைத்தான் நான் முதல் வாரத்திலேயே கொடுத்து விளையாடிவிட்டேன்.

ஒரு கேமை வைத்துச் சொல்லக்கூடாது, சரி. 2024 முழுக்க ஒன்பது டிஸ்க் வாங்கினேன், புதியதும் செகண்ட் ஹேண்டும் கலந்து. மொத்தம் 27,400 ரூபாய். அதில் ஏழு டிஸ்க்கை விற்றதில் 16,900 திரும்பி வந்தது. நிகரச் செலவு 10,500. ஒன்பதால் வகுத்தால் ஒரு கேமுக்கு 1,170-ஐ ஒட்டி வருகிறது, அலமாரியில் இன்னும் இரண்டு டிஸ்க் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி செகண்ட் ஹேண்டில் விற்றவைதான் இதில் கில்லாடி. 2,300-க்கு வாங்கி இரண்டு மாதம் கழித்து 2,000-க்குக் கொடுத்த கேம் உண்டு. முந்நூறு ரூபாயில் நாற்பது மணி நேரம்.

ஆனால் இதில் நேரத்தைக் கவனிக்க வேண்டும். வெளியான முதல் இரண்டு மாதம்தான் விலை நிற்கும். கடையிலோ ஆன்லைனிலோ புது டிஸ்க்கின் விலை இறங்கிய அன்றே பழையதன் விலையும் கீழே போய்விடும். "அடுத்த வாரம் முடிக்கலாம்" என்று நான் நாலு மாதம் தள்ளிப்போட்ட ஒரு கேமில் 1,800 ரூபாய் நஷ்டம். ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு டிஸ்க்குக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. ஸ்டீமில் நான் சேலில் வாங்கித் திறக்காமலே வைத்திருக்கும் கேம்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். அந்தப் பணம் திரும்பி வரவே வராது. சல்லிசு என்று வாங்கிப் போட்டதையும் பிசி செலவில் சேர்த்தால்தான் நியாயமான ஒப்பீடு.

டிஸ்க் வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது ரீஜன், அதாவது அது உலகின் எந்தப் பகுதிக்கான பதிப்பு என்பது. இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வருவது ஆர்2, அதாவது ஐரோப்பியப் பதிப்பு. ஆசியப் பதிப்பான ஆர்3 வேறு வழியாக வரும், இருநூறு முந்நூறு குறைவாகவும் இருக்கும். கேம் ஓடும், அதில் சிக்கல் இல்லை. கூடுதல் பகுதி வாங்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம். எல்டன் ரிங்கை அப்படி ஒருவரிடம் ஆர்3 டிஸ்க்காக வாங்கி, 2024 ஜூனில் அதன் கூடுதல் பகுதி வந்தபோது என் இந்தியக் கணக்கில் வாங்கினால் அந்த டிஸ்க்குக்குப் பொருந்தாது என்று தெரிந்து நொந்துபோனேன். அதை விற்று, ஆர்2 டிஸ்க் தேடிப்பிடித்து வாங்க மூன்று வாரம் ஆனது. விற்பவர் போட்டோ அனுப்பினால் டிஸ்க்கின் பின்பக்கக் கீறலை மட்டும் பார்க்காதீர்கள், ரீஜன் தெரிய உறையின் முதுகையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதனால்தான் டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5-ஐ யார் கேட்டாலும் வேண்டாம் என்கிறேன். 2024 ஏப்ரலில் பிஎஸ்5-இன் ஸ்லிம் மாடல் வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, இல்லாதது 44,990. பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். நாலைந்து டிஸ்க்கை விற்றால் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். டிரைவ் இல்லாத கன்சோலுக்கு ஒரே ஒரு கடைதான், அவர்கள் வைத்ததே விலை. பிசிக்காரருக்காவது ஸ்டீம், எபிக், ஜிஓஜி (GOG) என்று நாலு கடை உண்டு. எபிக் வாரா வாரம் இலவசமாகவே கொடுக்கிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள். பிசியின் கடைப்போட்டியும் கிடையாது, டிஸ்க்கின் மறுவிற்பனையும் கிடையாது என்றால் அந்த மெஷினில் நமக்கு என்ன மிஞ்சுகிறது? டிரைவ் இல்லாத கன்சோலுக்குப் பதில் பிசி வாங்குங்கள் என்று மனசார சொல்வேன்.

விற்கும் உரிமை நமக்குச் சும்மா வந்ததில்லை. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கன்சோலை அறிவித்தபோது, டிஸ்க்காக இருந்தாலும் கைமாற்றக் கட்டுப்பாடு வரும் என்றது மைக்ரோசாஃப்ட். மக்கள் கொதித்தார்கள். தன் கேமை எப்படிப் பகிர்வது என்று சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது. ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்க்கைக் கொடுப்பார், அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. பிசியில் அந்த வெற்றி கிடைக்கவில்லை. ஸ்டீம் கேமையும் மறுவிற்பனை செய்ய விட வேண்டும் என்று பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கில் 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் நுகர்வோர் பக்கம் நின்றது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில், நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று எழுதிப் போட்டிருக்கிறது. நேர்மையான வாசகம். அதைப் படித்த பிறகும் 3,999 கட்ட எனக்குக் கை வரவில்லை.

என் கணக்கு எடுபடாத இடங்களும் இருக்கின்றன. வருஷா வருஷம் வரும் கால்பந்து கேமை அடுத்தது வரும் சமயத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 (2022-இல் வந்தது) டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பிதான், மிச்சம் முழுக்க டவுன்லோட். வேகமான இன்டர்நெட் இல்லாத வீட்டில் அந்த டிஸ்க் வெறும் சாவி. பணம் கட்டி வாங்கும் கேமை ஆன்லைனில் விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும், ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேமுக்கு வேண்டாம். 2022 ஜூனில் அதன் அடிப்படைத் திட்டமான எசென்ஷியல் வருஷத்துக்கு 2,999 ஆக இருந்தது, பிறகு ஏறிவிட்டது. தினமும் ஆன்லைனில் விளையாடுகிறவர் இதை வருஷச் செலவில் சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்ன ஸ்டுடியோ கேம்கள் பிசியில்தான் சல்லிசு. ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி இரண்டும் ஸ்டீமில் 480 ரூபாய்க்கு வாங்கியவை, இன்றுவரை விளையாடுகிறேன். அந்த விலையில் விற்பதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் இரண்டுமே கஷ்டப்படும். பிசியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து ஊதினேன். பிஎஸ்5-ஐ வருஷத்துக்கு ஒரு தடவை. இரண்டுக்கும் யுபிஎஸ் போட்டிருக்கிறேன். பிசியில் ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம், கன்சோலில் முடியாது. இதில் பிசி பக்கம்தான் நியாயம்.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸ் என் வீட்டில் இருந்ததில்லை, சந்தா கட்டி விளையாடும் அதன் கேம் பாஸை நண்பன் கணக்கில் ஒரு மாதம் பார்த்ததோடு சரி. வேலோரண்ட் மாதிரி போட்டி ஷூட்டர் நான் விளையாடுவதில்லை. அதற்கு மவுஸ்தான் என்று விளையாடுகிறவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சின்ன ஊரில் டிஸ்க் விற்பது எவ்வளவு சுலபம் என்பதும் எனக்கு நேரடியாகத் தெரியாது. திருச்சியில் ஆள் கிடைக்கிறது, சென்னைக்குக் கூரியர் போடுகிறேன். தஞ்சாவூரில் எப்படி என்று தம்பிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவன் கடைசியில் பிசிதான் போட்டான். கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான், எண்பதாயிரத்தில் இரண்டு மெஷின் வாங்க முடியாது, அவனுக்கு அதுதான் சரி. நானும் தடுக்கவில்லை. "அண்ணே, உங்க டிஸ்க்க லீவுல வந்து விளையாடிக்கிறேன்" என்றான். வரட்டும்.

எனக்கு உள்ள பயம் வேறு. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ டிஸ்க் டிரைவ் இல்லாமலே வந்தது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அனுமதி விவகாரத்தால் அது அப்போது இந்தியாவுக்கு வரவில்லை என்பதால் இங்கே பெரிதாகப் பேசப்படவில்லை. ஆலன் வேக் 2 என்ற கேம் முதல் ஒரு வருஷம் டிஸ்க் இல்லாமலே விற்றது. அடுத்த பிளேஸ்டேஷனில் டிரைவ் மாட்டவே வழி இல்லையென்றால், இந்தப் பதிவில் நான் போட்ட கணக்கில் ஒரு வரிகூட நிற்காது. அன்றைக்கு ரிச்சி தெருவுக்குத்தான் மறுபடியும் பஸ் ஏறுவேன்.