டபிள்யூமேப்பா, பிளாங்க்கா?

ஆதி ஒளியை (பெருவெடிப்புக்குப் பின் எஞ்சி, வானமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலை ஒளி) வைத்து ப்ராஜெக்ட் செய்பவர்கள் முதலில் திணறுவது இங்கேதான்: அதை வரைபடமாக்கிய டபிள்யூமேப் (WMAP), பிளாங்க் (Planck) என்ற இரண்டு விண்கலங்களில் எதன் வரைபடத்தை எடுப்பது? இரண்டு வரைபடங்களும் இலவசம், காசைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நுணுக்கம்: டபிள்யூமேப் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய விவரம் சுமார் 13 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம்), முழுநிலவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பிளாங்க் 5.

அலைவரிசை: டபிள்யூமேப்பில் 5 (23 முதல் 94 கிகாஹெர்ட்ஸ்). பிளாங்க்கில் 9, அதுவும் 857 வரை. நம் பால்வீதியின் தூசி மேல் அலைவரிசைகளில்தான் பளிச்சென்று தெரியும். அதை அங்கே அளந்தால்தான் ஆதி ஒளியிலிருந்து ஒழுங்காகக் கழிக்க முடியும். பிளாங்க்கின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

உழைப்பு: டபிள்யூமேப் குளிரூட்ட ஹீலியம் எதுவும் இல்லாமலே 2001 முதல் 9 ஆண்டு ஓடியது. 2009-இல் ஏவிய பிளாங்க்கின் உயர் அலைவரிசைக் கருவிக்கு 0.1 கெல்வின் (ஏறத்தாழ மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) குளிர் தேவை. 2012 ஜனவரியில் ஹீலியம் தீர்ந்தது, கருவியும் ஓய்ந்தது.

கையாளுதல்: டபிள்யூமேப்பின் வழக்கமான வரைபடத்தில் சுமார் 31 லட்சம் பிக்சல். பிளாங்க்கின் உயர் அலைவரிசை வரைபடத்தில் 5 கோடி! பழைய லேப்டாப் முனகிவிடும்.

கல்லூரிப் பயிற்சிக்கு டபிள்யூமேப் தாராளம். பிரபஞ்சத்தின் வயது அதில் 1,377 கோடி ஆண்டு, பிளாங்க்கில் 1,380 கோடி. தூசி, துருவமுனைப்பு (ஒளியலை அதிரும் திசை), நுண்ணிய புள்ளிகள் என்று இறங்கினால் பிளாங்க்தான்.