வீட்டை விற்க அலங்கரிப்பதா, வாழ அலங்கரிப்பதா?

2023 ஒக்ரோபர் கடைசியில், கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருந்த என் கிடங்கின் திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து வருடம் மாதம் தவறாமல் வாடகை கட்டிய இடம். உள்ளே ஒன்பது செற்றி (சோபா), பதினான்கு கட்டில் சட்டம், எண்ணி முடியாத அளவு குஷன், சுவர்ப்படம், மேசை விளக்கு. பாதியை விற்றேன். மிச்சத்தில் நல்லதை, என்னைப்போல விற்கப்போகும் வீடுகளை ஒழுங்கு பண்ணும் ஸ்டேஜிங்காரத் தோழி ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் முழுநேர வீட்டு அலங்காரக்காரி. அதற்கு முன்னர் முக்கால்வாசி நேரம் ஸ்டேஜிங், மீதி நேரத்தில்தான் அலங்காரம்.

இரண்டையும் செய்து பார்த்தவள் என்பதால் எதற்குள் இறங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். போன மாதமும் கொலிஜில் படிப்பை முடித்த ஒரு தங்கச்சி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் அலங்காரத்தின் பக்கம் நிற்பவள் என்பதைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

ஸ்டேஜிங் என்றால், விற்கப்போகும் வீட்டை வாங்க வருபவரின் கண்ணுக்கு ஏற்றபடி ஒழுங்கு பண்ணுவது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் வீடு விற்கும் முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ஸ் 1972இல் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். வீடு வெறுமையாக இருந்தால் எங்கள் தளபாடம் போய் அங்கே ஒரு மாதமோ இரண்டு மாதமோ நிற்கும். ஆட்கள் இருக்கும் வீடு என்றால் அவர்களுடைய சாமானையே குறைத்து, நகர்த்தி வைப்போம். அலங்காரம் அப்படியல்ல. அங்கே வாழும் குடும்பத்துக்காக, அவர்கள் சொந்தக் காசில், அவர்களிடமே தங்கிவிடும் வேலை.

படிப்பு, பதிவு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ‘இன்ரீரியர் டிசைனர்’ என்று பெயருக்குப் பின்னால் போடத்தான் பதிவு வேண்டும். டெக்கரேட்டர், ஸ்டேஜர் என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். வருடத்தில் 30,000 டொலருக்கு மேல் வியாபாரம் நடந்தால் எச்எஸ்ரி என்ற விற்பனை வரிக்குப் பதிந்து 13 வீதம் அறவிட வேண்டும். நிறம் பார்க்கும் கண்ணும் அளவு நாடாவும் இரண்டுக்கும் ஒன்றுதான். இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

ஸ்டேஜிங்கின் சந்தோஷம் வேகம். காலை எட்டு மணிக்கு எதிரொலி கேட்கும் வெறும் வீடு. பின்னேரம் மூன்று மணிக்குப் படப்பிடிப்பாளர் வந்து கதவைத் திறக்கும்போது அது யாரோ வாழ ஆசைப்படும் வீடாகியிருக்கும். செற்றியின் முன்கால் இரண்டும் கம்பளத்தின்மேல் நிற்க வேண்டும். எல்லா பல்பும் ஒரே மஞ்சள் வெளிச்சமாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள் என்றால் படத்தில் சுவர் இரண்டு நிறமாக விழும். கட்டிலில் இருப்பது உண்மையான மெத்தையே அல்ல, காற்றடித்த மெத்தை. வியாழன் அடித்த காற்று சனிக்கிழமை எல்லாரும் பார்க்க வீட்டைத் திறந்துவிடும் ஓப்பன் ஹவுஸுக்குள் இறங்கிவிடும். போர்வை நடுவில் குழி விழும். அதனால் சனி காலை பம்பும் கையுமாக நான் வீடு வீடாகப் போவேன். அந்த நாட்களை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் வேலையின் பலனைக் கண்ணால் பார்க்கும் சுகம் அலங்காரத்தில் கிடையாது.

பலன் இருக்கிறதா என்று விற்பவர் கேட்டால் காட்டவும் ஏதாவது இருக்கும். அமெரிக்க வீட்டு முகவர் சங்கத்தின் 2023 அறிக்கையில், வாங்குபவர் பக்கத்து முகவர்களில் 81 வீதமானோர், ஸ்டேஜ் செய்த வீட்டைத் தங்கள் வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்குச் சுலபமாக இருக்கிறது என்று சொன்னார்கள். அது அமெரிக்கக் கணக்கு. ஆனால் ரொறன்ரோ முகவர்களும் அதையேதான் எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, பிறகு ஏன் விட்டேன்? சாமான்தான் காரணம். மற்ற எல்லாக் காரணத்தையும் தள்ளிவைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் யோசித்தாலே போதும் என்பேன்.

வெறும் வீட்டை ஸ்டேஜ் செய்பவருக்கு உண்மையான முதலீடு தளபாடம்தான். இரண்டு அறை கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) முதல் மாதத்துக்கு நான் 2,400 டொலர் வாங்கினேன். ஏற்றி இறக்கும் கூலி, வான், நாள் முழுக்க என் வேலை எல்லாம் அதற்குள். அடுத்த மாதத்திலிருந்து 600 டொலர்தான். ஆக லாபம் இருப்பது முதல் மாதத்தில். ஒரே செற்றி வருடத்தில் எத்தனை வீட்டுக்குப் போய் வருகிறதோ அதைப் பொறுத்ததுதான் எல்லாம். 2021இல் வீடு ஒரு வாரத்தில் விற்றது. பத்தாம் நாள் சாமான் திரும்பி வரும், பன்னிரண்டாம் நாள் அடுத்த வீட்டில் நிற்கும். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ வட்டாரத்தில் சராசரி வீட்டு விலை 1.3 மில்லியன் டொலரைத் தாண்டியது. அடுத்த மாதமே கனடா மத்திய வங்கி 0.25 வீதத்தில் கிடந்த வட்டியை ஏற்றத் தொடங்கியது. 2023 யூலையில் அது 5 வீதத்தில் வந்து நின்றது. வீடுகள் விற்க நாள் எடுத்தன.

வீடு விற்காமல் நின்றால் ஸ்டேஜருக்கு மாத வாடகை கூடத்தானே வரும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது வேறு. என் செற்றிகள் ஒவ்வொன்றும் மூன்று மாதம், நான்கு மாதம் ஒரே வீட்டில் நின்றன. புது வேலை வந்தால் ஒன்றில் இன்னொரு வீட்டுக்கான சாமானைப் புதிதாக வாங்க வேண்டும், அல்லது முகவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை இல்லை என்றால் அவர் மூன்றாம் தடவை அழைக்க மாட்டார். அதனால் வாங்கினேன். டிசம்பர் வந்ததும், நத்தாருக்கு முன்னர் விற்பனையை நிறுத்திவிட்டு வசந்தத்தில் பார்ப்போம் என்று எல்லாரும் ஒரே வாரத்தில் வீட்டைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். எல்லாச் சாமானும் ஒன்றாகத் திரும்பி வந்தது. கிடங்கில் இடம் இல்லை. பக்கத்துக் கிடங்கையும் மூன்று மாதத்துக்கு எடுத்தேன். காசு வராத மாதங்களில்தான் செலவு கூடியது.

பராமரிப்பும் இருக்கிறது. தை மாதத்தில் வீடு பார்க்க வருபவர்களின் சப்பாத்தோடு தெருவில் போட்ட உப்பும் உள்ளே வரும். வாசலில் சப்பாத்து உறை வைத்திருப்போம், பாதிப் பேர் போட மாட்டார்கள். மங்கல் நிறக் கம்பளத்தில் அது வெள்ளை வளையமாகக் காய்ந்துவிடும். வெந்நீரில் வினாகிரி கலந்து, துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் நார் கிளம்பிவிடும். ஒரு கம்பளத்துக்கு அரை மணி நேரம். குஷனில் முகப்பூச்சு, கண்ணாடி மேசை விளிம்பில் வெடிப்பு, பிள்ளைகள் குதித்ததில் வளைந்த கட்டில் சட்டம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாமான் திரும்பினால் இரண்டு பேருக்கு அரை நாள் துப்புரவு வேலை. கொண்டோ என்றால் இன்னும் ஒன்று: சாமான் லிப்ற்றை முன்கூட்டியே மூன்று மணி நேரத்துக்குப் பதிய வேண்டும், வைப்புக் காசு கட்ட வேண்டும். லொறி நெரிசலில் மாட்டினால் அந்த மூன்று மணி நேரம் போயே போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் மேல், ஸ்டேஜிங் சாமான் தேய்வதற்கு முன்னரே பழசாகிவிடுகிறது. 2018இல் நான் வாங்கிய சாம்பல் நிறச் செற்றிகளில் ஒரு கீறல் இல்லை. 2022இல் முகவர்கள் “இது வேண்டாம், படத்தில் பழைய வீடு மாதிரித் தெரியும்” என்றார்கள். வாங்குபவர் வீட்டை முதலில் பார்ப்பது போனில். அதனால் யாரும் அமராத கதிரைக்கும் வயது போகிறது. நாலாயிரம் டொலர் செற்றியை அறுநூறுக்கு விற்றபோது நெஞ்சு எரிந்தது.

காசு விஷயத்தில் ஒரு சம்பவம் மட்டும். வீடு கைமாறும் நாளில் தருகிறேன் என்று ஒரு முகவர் சொன்னார். வீடு விற்கவில்லை, ஒப்பந்தக் காலம் முடிந்தது. பாதிக் காசை வாங்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு முழுக் காசும் கையில் வராமல் லொறியை ஏற்றியதில்லை.

அலங்காரத்தில் கிடங்கே இல்லை. துணி மாதிரிப் புத்தகங்கள், வண்ண அட்டைகள், அளவு நாடா, என் கார், அவ்வளவுதான். வாங்கும் செற்றி வீட்டுக்காரருடையது, அதில் கறி ஊற்றினால் அவர்கள் பாடு. திரைச்சீலை தைக்கக் கொடுக்கும்போதே பாதிக் காசு வாங்கிவிடுவேன். சந்தை விழுந்தாலும் ஆட்கள் வீட்டில் இருக்கத்தானே செய்கிறார்கள்? 2023இல் வீடு மாற நினைத்துக் கணக்குப் பார்த்துப் பின்வாங்கிய இரண்டு குடும்பங்கள், இருக்கிற வீட்டையே திருத்துவோம் என்று என்னை அழைத்தன.

ஆனால் எனக்கு முடிவைக் காட்டியது ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்து அன்ரி ஒருவர். 2019இல் அவருடைய வீட்டை விற்பனைக்கு ஒழுங்கு பண்ணினேன். குடும்பப் படங்கள், குசினி மேடையில் இருந்த கறித்தூள் போத்தல்கள், சாமியறை எல்லாவற்றையும் கட்டி வைக்கச் சொன்னேன். வேலை அப்படித்தான், வாங்க வருபவர் தன்னை அங்கே பார்க்க வேண்டுமென்றால் இருப்பவரின் சுவடு குறைய வேண்டும். அன்ரி ஒவ்வொரு சாமிப் படத்தையும் பழைய பருத்திச் சேலையில் சுற்றினார். “பிள்ளை, விளக்கு மட்டும் எங்கையாவது வைக்கலாமே?” என்று கேட்டார். வீடு பார்க்க ஆட்கள் வருவதற்கு முன்னர், விடிய ஆறு மணிக்கு, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே ஒரு தட்டில் விளக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரியும். வீடு ஒன்பது நாளில் விற்றது. முகவர் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்.

2022இல் அன்ரி புது வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். வரவேற்பறை பிறகு, முதலில் சாமிக்கு இடம் பார் என்றார். குசினிக்குப் பக்கத்துப் பண்டக அறையைக் காலி செய்தோம். சாமிப் படங்களைக் கிழக்குப் பார்த்து வைத்தோம். கூரைக்குக் கழுவக்கூடிய பெயின்ற், ஏனென்றால் திரிப்புகை ஆறு மாதத்தில் கறுப்பு வட்டம் போட்டுவிடும். விளக்குக்குக் கீழே இழுத்தெடுக்கும் தட்டில் எவர்சில்வர் தகடு, சிந்தும் எண்ணெயைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தள்ளிவிடலாம். சாம்பிராணிக்குப் புகை அலாரம் கத்தாமல் இருக்க, வெளியே காற்றைத் தள்ளும் ஒரு சின்ன மின்விசிறி. படங்களின் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் பல்புகளைப் பக்கவாட்டில் மறைத்தேன். திரி, கற்பூரம், விபூதிக்கு மூன்று சின்ன இழுப்பறைகள். முதல் நாள் விளக்கேற்றிவிட்டு அன்ரி எதுவும் கதைக்கவில்லை. எனக்கு ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்த அறையின் படத்தை அனுப்புகிறார்.

முதல் பொங்கலுக்கு அங்கே வந்தவர்களில் மூன்று பேர் பிறகு என்னை அழைத்தார்கள். இதுவும் சாமான் கணக்கோடு சேர்ந்ததுதான். ஸ்டேஜிங்கில் என் வேலை ஒரு மாதத்தில் லொறியில் ஏறிவிடும், யார் செய்தது என்று வீட்டை வாங்கியவர் கேட்பதில்லை. அங்கே என் வாடிக்கையாளர் முகவர், அவர் அடுத்த தடவை நூறு டொலர் குறைவாகச் சொல்பவரிடம் போகலாம். அலங்காரத்தில் வேலை அங்கேயே நின்று எனக்காகக் கதைக்கிறது.

அலங்காரத்தின் கஷ்டத்தையும் சொல்லவேண்டும். ஒரு திரைச்சீலை நிறத்தைத் தெரிவு செய்ய ஒரு குடும்பம் நான்கு மாதம் எடுத்தது. கணவருக்கு அதே சுவரில் 85 அங்குல ரிவி வேண்டும், மனைவிக்குப் புத்தக அலுமாரி வேண்டும், நடுவில் நான். சொந்தக்காரர் “சும்மா ஒருக்கா வந்து பாருங்கோ” என்பதற்கு முடிவே இல்லை. இப்போது வந்து பார்ப்பதற்கு 150 டொலர், வேலை தந்தால் கழித்துக்கொள்வேன் என்று எல்லாரிடமும் முதலே சொல்லிவிடுகிறேன். முழுநேரமாக மாறிய முதல் வருடம், முன்னர் உழைத்ததில் முக்கால்வாசிதான் வந்தது. இரண்டாம் வருடத்தில் சரியாகிவிட்டது, ஆனால் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் இன்னும் இருக்கிறது.

நான் பார்த்ததெல்லாம் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து நடுத்தர வீடுகளும் கொண்டோக்களும். கோடீஸ்வர வீடுகளையும் கட்டட நிறுவனங்களின் மாதிரி வீடுகளையும் செய்தவளில்லை. அங்கே சாமான் கணக்கு வேறாக இருக்கலாம். சொந்தமாகக் கிடங்கும் லொறியும் இருக்கிற குடும்பத்தில் இறங்குபவருக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது.

அந்தத் தங்கச்சிக்குச் சொன்னது இதுதான்: ஸ்டேஜிங் ஆசை இருந்தால் ஆட்கள் இருக்கும் வீட்டில் தொடங்கு. ஒரு குஷன்கூட வாங்காதே. நானும் வசந்தத்தில் அப்படி நாலைந்து வீடு இப்போதும் எடுக்கிறேன். இரண்டு மணி நேரம், 300 டொலர், அன்று இரவே அறை அறையாக எதை எடுக்க, எதை நகர்த்த, எந்த பல்பை மாற்ற என்று பட்டியல் அனுப்பிவிடுவேன். அந்தப் பட்டியலில் சாமியறை இருந்தால், விளக்கை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு முன் ஏற்றலாம் என்பதையும் ஒரு வரி எழுதி வைக்கிறேன்.