ஆவுடையா, உலகம்மையா?

செங்கோட்டைப் பக்கம் பெண் குழந்தைக்குப் பழைய பெயர் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். முன்பு வீட்டுக்கு வீடு கேட்ட பெயர்கள். இப்போது பள்ளி வருகைப் பதிவேட்டில் அபூர்வம்.

உலகம்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்காசிக் கோயிலில் காசி விசுவநாதரோடு இருக்கும் அம்மன் அவள். கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. பொருள் கேட்டவுடனே விளங்கும். மலை தாண்டி புனலூரில் சம்பந்தம் செய்தாலும் சிக்கல் இல்லை, உலகம் மலையாளத்திலும் உலகம்தான்.

ஆவுடைக்குத்தான் சங்கதி அதிகம். ஆ என்றால் பசு; பசுக்களை உடையவள். சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு ஆவுடையம்பாள் என்றும் பெயர். கோமதியிலும் அதே பசுதான், வடமொழியில். லிங்கம் நிற்கும் பீடத்துக்கும் ஆவுடையார் என்றே பெயர், அதனால் சக்தியின் சாயலும் சேர்ந்துகொள்கிறது. போதாததற்குச் சொந்த ஊர்ப் பெருமை வேறு: வேதாந்தப் பாடல்கள் பாடிய ஆவுடை அக்காள் செங்கோட்டைக்காரி. அந்தப் பாட்டுகளை வீட்டுப் பெண்கள் வாய்வழியாகவே காப்பாற்றி வந்தார்கள். ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அக்காள் அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியவள்.

ஒரு குறை உண்டு. ஆவுடையப்பன், ஆவுடைநாயகம் என்று ஆண்களும் இருப்பதால், வெறும் ‘ஆவுடை’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். ‘ஆவுடையம்மாள்’ என்று முழுசாகப் பதிந்துவிட்டு வீட்டில் ஆவுடை என்று கூப்பிடலாம். என் ஓட்டு அதற்குத்தான். உலகம்மையை ஆச்சி பெயராக வைத்திருக்கும் வீடு என்றால் மட்டும் யோசிப்பேன். அங்கே ஆச்சியை மீறி யார் பேச முடியும்?