பட்டுப்பாய் கேட்டேன், பிளாஸ்டிக் பாய் வந்தது

தங்கை மகள் கல்யாணத்துக்காக ஆவணியில் டொராண்டோவிலிருந்து பாளையங்கோட்டை வந்திருந்தேன். கோரைப்புல்லில் பட்டுபோல மெல்லிசாக நெய்யும் பத்தமடைப் பட்டுப்பாய் ஒன்றைச் சீரோடு வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அலைய நேரமில்லாததால் இணையக் கடை ஒன்றில் தேடினேன். 'அசல் பத்தமடைக் கைநெசவு' என்று போட்டு, சிவப்புக் கரை வைத்த அழகான பாயின் படத்தையும் காட்டியிருந்தார்கள். விலை 2,400 ரூபாய்.

என் கனடா வங்கி அட்டையை அந்தத் தளம் ஏற்கவில்லை. பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பதாகப் பதிந்தேன். நான்காம் நாள் கூரியர் தம்பி வந்தார். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "பணம் கட்டிய பிறகுதான் பிரிக்க விடுவார்கள் அம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்தேன்.

உள்ளே இருந்தது பிளாஸ்டிக் பாய். கோரையின் வாசனை கொஞ்சமும் இல்லை. தெருவில் தலைச்சுமையாக விற்று வருபவரிடம் 300 ரூபாய்க்கு வாங்கலாம்.

புகார் எழுதினேன். 'படம் மாதிரிக்காக மட்டுமே. இந்தப் பொருளைத் திருப்பி எடுப்பதில்லை' என்று விற்றவர் பதில் அனுப்பினார். என்னால் பொறுக்கவே முடியவில்லை. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குத் தங்கையின் கைபேசியிலிருந்து பேசினேன். விளம்பரப் பக்கத்தை அன்றே படமெடுத்து வைத்திருந்தது பெரிதும் உதவியது. பதினோராம் நாள் பாயை எடுத்துப் போனார்கள். பணம் தங்கையின் வங்கிக் கணக்குக்கு வந்தது. உள்ளூர்க் கணக்கு இல்லாமல் வருகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் கல்யாணத்துக்கு ஒரு வாரமே இருந்தது. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறிப் பத்தமடையில் இறங்கினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். பாய் நெய்யும் இஸ்லாமியரான லெப்பைமார் வீடொன்றில் ஓர் அம்மா தறிமுன் உட்கார்ந்திருந்தார். கோரையை நீளவாக்கில் மெல்லிசாகக் கீறி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, சாயமேற்றிய பிறகுதான் நெசவே தொடங்குகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுக்குப் பருத்தி நூல். நெய்து முடித்த பாய் ஒன்றை என் கையில் வைத்தார், துணிபோல மடிந்தது.

கைபேசியில் அந்த விளம்பரப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர்க் கைவேலைதான். யார் நெய்ததோ" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. என் 2,400 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் வாரக்கணக்கில் குனிந்து நெய்த பாயின் படத்தை வைத்துப் பிளாஸ்டிக்கை விற்றிருக்கிறார்கள். அவருக்கு இது தெரியவே தெரியாது.

பாயில் மணமக்கள் பெயரை நெய்து தர அந்த ஒரு வாரம் போதாது என்றார் அந்த அம்மா. கையிருப்பில் இருந்த பாயைச் சீருக்கு வாங்கினேன். மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் நெய்த பாய்க்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஐப்பசியில் தங்கை போய் வாங்கி வருவாள்.